அரசமாதாவின் கஷாயம்

நாற்பத்து மூன்று பாகங்களாக
அரசமாதா ஒரு கிண்ணம் கஷாயத்தைக்
கையிலேயே வைத்திருக்கிறாள்.
கொடுத்துத் தொலைக்க மாட்டாள்,
ஆறவிடவும் மாட்டாள்.
புருவம் உயரும், முரசு அதிரும்,
ஆறு மந்திரிகளின் முகம் ஒவ்வொன்றாய் வந்து
அதிர்ச்சி அடைந்துவிட்டுப் போகும்.
பிறகு முதல் மந்திரி மட்டும் மறுபடி ஒருமுறை.

எனக்கு இது பிடித்திருக்கிறது.
சொல்ல என்ன வெட்கம்.
பகலெல்லாம் பல் செட் செய்யும் லேப்பில்
யார் யாருடைய கடைவாயையோ தேய்க்கிறேன்.
அங்கே ஒருவரும் ஒருவரைப் பார்த்து
"உன் வம்சத்தின் பெயரையே ஏட்டிலிருந்து அழிப்பேன்"
என்று சொல்வதில்லை.
"ஜிபே பண்ணிட்டேன் மேடம்" என்கிறார்கள்.

இரவு ஒன்பதரைக்கு
கொரிய ராஜா தூய தமிழில் அழுகிறார்:
"மன்னித்தருளுங்கள் தாயே,
என் இதயம் கற்பாறை அன்று."
உதடு எப்போதோ மூடிவிட்டது,
வசனம் இன்னும் பாதி பாக்கி.
மூன்றாம் ஆசைநாயகிக்குக் குரல் கொடுப்பவள்
எஃப்எம்மில் கொசுவத்திச் சுருள் விற்கிறவள்தான்,
சத்தியம் செய்வேன்.
நஞ்சு கலக்கும்போதும் அவள் குரலில்
பத்து ரூபாய் தள்ளுபடி இருக்கிறது.

பட்டத்து ராணியின் கொண்டை
எங்கள் கேஸ் சிலிண்டர் எடை இருக்கும்.
அதைச் சுமந்துகொண்டு பனியில் மண்டியிடுகிறாள்.
அப்படியொரு பனி.
இங்கே ராயபுரத்தில் மே மாதம்,
மின்விசிறி இருக்கிற சூட்டையே
சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.
ராணி ரத்தம் கக்குகிறாள்,
வாயோரம் ஒரே கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.
நைட்டிக் கையால் கண்ணைத் துடைக்கிறேன்.
கேட்டால் வியர்வை.

அமல்தாஸ் பார்ப்பதில்லை.
நிற்கிறார்.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிவிட்டு வந்த கால்களோடு
சமையலறை வாசலில், கையில் ஈரத் துணியோடு,
நாற்பத்து மூன்று பாகங்களாகப்
போகிற வழியில் நிற்கிறார்.
"இதையெல்லாம் எப்படித்தான் பாக்குறியோ."
"தள்ளி நில்லுங்க, மறைக்குது."
தள்ளி நிற்பார்.

இன்று வெள்ளிக் கரண்டி வந்தது.
நஞ்சு பட்டால் கறுக்குமாம்.
பணிப்பெண், அந்த ஊமை,
கரண்டியைக் கிண்ணத்தில் இறக்குகிறாள்,
இறக்குகிறாள்,
இன்னும் இறக்குகிறாள்,
பாகம் முடிந்தது.
கீழே தண்ணி லாரி ஹாரன்.

இதைவிடப் பெரிய சதி
எந்த அரண்மனையில் நடந்திருக்கிறது?

அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.
வரிசையில் என் பச்சைக் குடத்தை
யாரோ இரண்டு இடம் பின்னால் நகர்த்தியிருந்தார்கள்.
முன்னால் கீழ்வீட்டு மெஹருன்னிசா,
முகத்தில் மந்திரிகளின் அதே அதிர்ச்சி.
"அந்த ஊமை இருக்காளே..."
"சொல்லாதீங்க!"
"...ஊமையே இல்லக்கா."
ஹோஸ் திறந்தது.
வெற்றுக் குடத்தில் முரசு போலத் தண்ணீர்.
அவளை நாடு கடத்தியிருப்பேன்.
நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிவிட
அவள் கைதான் வேண்டியிருந்தது.

மேலே வந்தால்
நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே
கரண்டி, கிண்ணம், ஊமை இல்லாத ஊமை.
ஆனால் அடுத்த பாகத்தின் அடியில்
சிவப்பாய் ஒரு சின்னக் கோடு.
பதினோரு நிமிட நீளம்.

அமல்தாஸ் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.
தேய்த்த பாத்திரத்தை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
புருவத்தை மட்டும் உயர்த்தினேன்.
இஞ்சி தட்டி டீ போட்டு
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தேன்.
கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில்
இரண்டு கையால் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

வாங்கினார்.
என்னைப் பார்த்தார். டீயைப் பார்த்தார்.
ஸ்பூனை மெல்ல இறக்கி
ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து
ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

எவர்சில்வர்.
அது எதற்கும் கறுக்காது.